டல்லாஸில் காணொளி வழியே நோட்டரி செய்த பவர் பத்திரம் சேலத்தில் செல்லுமா?

மிளகுக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டத்தை, அப்பா காலமானதற்குப் பிறகு, அக்காவும் நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ள முடிவு செய்தோம். தம்பி டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் இருக்கிறார். இந்த ஆண்டு அவரால் ஊருக்கு வர இயலாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தமக்காக நான் கையெழுத்திட அதிகாரம் அளித்து ஒரு பவர் பத்திரம் எழுதி, அங்கே இணையவழி நோட்டரி ஒருவரிடம் காணொளியில் தோன்றி, வீட்டை விட்டு வெளியே வராமலேயே இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, கோப்பை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். நான் அதை அச்செடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டு சென்றேன். முகப்பில் இருந்தவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டரி எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அசலைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்தில் எந்தக் காரணமும் தரவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி முழுமையாகச் செல்லுபடியாகும் ஓர் அத்தாட்சியை இங்கே மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா, அல்லது இது வெறும் அலுவலக வழக்கமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பவரை நம்பி, தம்பியின் பெயரிலும் கையெழுத்திட்டு, இந்தப் பருவத்து மிளகை ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

மிளகுக்கொடி ஐயா, அந்த ஊழியர் காரணத்தை எழுதித் தராதது சரியில்லை. ஆனால் அவருடைய தயக்கத்துக்குச் சட்டத்தில் வேர் இருக்கிறது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பதிவுக்காக எந்தப் பவர் பத்திரத்தை ஏற்கலாம் என்பதை வசிப்பிடத்தை வைத்து வகுக்கிறது. அதிகாரம் கொடுப்பவர் இந்தியாவில் வசிப்பவரானால், அவர் வசிக்கும் எல்லைக்குரிய பதிவாளர் அல்லது சார் பதிவாளர் முன்னிலையில் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் இந்தியாவில் வசிக்காதவரானால், நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, குற்றவியல் நடுவர், இந்தியத் தூதரக அலுவலர் ஆகியோருள் ஒருவர் முன்னிலையில் எழுதிக்கொடுக்கப்பட்டு, அவரால் அத்தாட்சி செய்யப்பட்டிருக்க வேண்டும். சேலத்தில் பலர் தெரு முனையில் உள்ள நோட்டரியிடம் பவர் எழுதிக்கொண்டு பதிவுக்குப் போய் ஏமாந்து திரும்புவதும் இந்த வேறுபாட்டை அறியாததால்தான். உங்கள் தம்பி வெளிநாட்டில் வசிப்பதால் அவருக்கு நோட்டரி போதும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் "முன்னிலையில்" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது.

அதே பிரிவின் நான்காம் உட்பிரிவையும் படியுங்கள். ஓர் ஆவணம் உரிய அலுவலர் முன்னிலையில் எழுதிக்கொடுக்கப்பட்டு அத்தாட்சி பெற்றது என்பது அதன் முகத்திலேயே தெரிந்தால், மேற்கொண்டு சாட்சியம் கேட்காமல், ஆவணத்தைக் காட்டிய அளவிலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்கிறது அந்த உட்பிரிவு. டெக்சாஸ் சட்டமோ, இணையவழியில் செய்த அத்தாட்சியில் அது இணையவழி அத்தாட்சி என்ற குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பத்திரத்தின் முகம் "இவர் என் எதிரில் அமர்ந்து கையெழுத்திட்டார்" என்று சொல்லவில்லை. "இவரை நான் திரையில் பார்த்தேன்" என்று சொல்கிறது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டியவர் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான் என்று நினைக்கிறேன்.

ஐந்து ரோடு கணக்கர் எழுதியது:

வழக்குரைஞர் ஐயா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே மின்னணு ஆவணத்தையும் மின்னணுக் கையொப்பத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. "முன்னிலை" என்ற சொல்லுக்கும் நம் நீதிமன்றங்கள் விரிந்த பொருளையே கொடுத்திருக்கின்றன. மகாராஷ்டிர அரசு எதிர் பிரஃபுல் தேசாய் வழக்கில், அமெரிக்காவில் இருந்த மருத்துவரிடம் காணொளி வழியே சாட்சியம் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பெறுவதற்கு ஒப்பானது என்று 2003ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிலத்திலேயே, 2022இல், அமெரிக்காவில் இருந்த மணமகனுடன் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் காணொளி வழியே திருமணம் நடத்த மதுரைக் கிளை அனுமதித்தது. திருமணத்துக்கே போதுமான காணொளி, நான்கு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்குப் போதாதா?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

கணக்கர் ஐயா சுட்டிய இரண்டு தீர்ப்புகளும் உண்மையானவை; கேள்வியும் கூர்மையானது. ஆனால் நீங்கள் சொன்ன அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள். இந்தச் சட்டம் எந்தெந்த ஆவணங்களுக்குப் பொருந்தாது என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பவர் பத்திரம், அறக்கட்டளைப் பத்திரம், உயில் ஆகியவை தொடக்கத்திலிருந்தே அதில் உள்ளன. 2022ஆம் ஆண்டு அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். அசையாச் சொத்தை விற்பதற்கான ஒப்பந்தத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். பவர் பத்திரத்திலோ ஒரு சிறிய சாளரத்தை மட்டும் திறந்தார்கள்: ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படும் பவர் மின்னணு வடிவில் இருக்கலாம். பங்குத் தரகருக்குக் கொடுக்கும் பவர் அந்தச் சாளரத்தில் நுழையும். அண்ணனுக்குத் தம்பி கொடுக்கும் பவர் நுழையாது.

இதன் விளைவு என்னவென்றால், டல்லாஸில் பிறந்த அந்த ஆவணத்தின் அசல் ஒரு மின்னணுக் கோப்பு. அதை அசலாக ஏற்கச் செய்யும் இந்தியச் சட்டம் உங்கள் ஆவண வகைக்குப் பொருந்தாது. நீங்கள் கொண்டு போனது அந்தக் கோப்பின் அச்சுப்படி. ஆகவே "முன்னிலையில்" என்ற சொல் குறித்த வாதத்தில் கணக்கர் ஐயா வென்றாலும், "அசல் எங்கே" என்ற இரண்டாவது கேள்வியில் தடுக்கி விழ நேரிடும். திருமண வழக்கில் அந்தக் கேள்வியே எழவில்லை. அங்கே மணமகனுக்காகவும் சேர்த்துக் கையெழுத்திட, பவர் பெற்ற மணமகளுக்கு அனுமதி கிடைத்தது.

சூரமங்கலத்து டெக்சாஸ்காரன் எழுதியது:

நான் சூரமங்கலத்தில் பிறந்து, இப்போது டெக்சாஸில் வீட்டுக்கடன் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இங்கே இந்த முறை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால், ஊரில் இருப்பவர்கள் இதை ஏதோ வாட்ஸ்அப் அழைப்பு என்று நினைக்காமல் இருப்பார்கள்.

இதை முதலில் சட்டமாக்கியது வர்ஜீனியா. 2011இல் இயற்றி, 2012 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். டெக்சாஸ் 2017இல் சட்டம் இயற்றி 2018 ஜூலை முதல் தொடங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது பல மாநிலங்கள் அவசர ஆணைகளின் மூலம் கதவைத் திறந்தன. நியூயார்க் அப்படித் திறந்த கதவை 2023 ஜனவரி 31 முதல் நிரந்தரமாக்கியது. கலிஃபோர்னியா 2023இல் சட்டம் இயற்றியும், முழு நடைமுறைக்கு 2030 வரை காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்ற மசோதா 2023 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. ஆகையால் "அமெரிக்கச் சட்டம்" என்று ஒன்றைக் காட்ட முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும்.

டெக்சாஸில் சாதாரண நோட்டரி இதைச் செய்துவிட முடியாது. இணையவழி நோட்டரியாகத் தனியே நியமனம் பெற்றிருக்க வேண்டும். கையெழுத்திடுபவர் எங்கே இருந்தாலும், நோட்டரி அந்த நேரத்தில் டெக்சாஸ் எல்லைக்குள் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரை அவருக்கு நேரடியாகத் தெரியாவிட்டால், அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் செய்து, அது போலியா என்று மென்பொருள் சோதிக்கும். அதன் பிறகு ஒரு வினாடிவினா: குறைந்தது ஐந்து கேள்விகள், இரண்டு நிமிடம், எண்பது விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், எந்த வண்டிக்குக் கடன் வாங்கினீர்கள் என்ற வகைக் கேள்விகள். முழு நிகழ்வையும் பதிவு செய்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் பத்து ஆண்டு. மேசைக்கு எதிரே நேரில் அமர்ந்து கையெழுத்திடும்போது இத்தனை தடயம் எங்கே மிஞ்சுகிறது? ஒரு முத்திரையும் ஒரு பதிவேட்டு வரியும்தான். ஆள்மாறாட்டத்தைப் பிடிப்பதுதான் நோக்கமென்றால், என் பார்வையில் காணொளி முறையே பலமானது.

பழைய பதிவேடு எழுதியது:

பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டெக்சாஸ் தம்பி சொல்வது அங்கே சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாண்டுப் பதிவு டெக்சாஸில் இருக்கிறது. சேலத்துச் சார் பதிவாளர் அதைப் போட்டுப் பார்க்க வழி இல்லை. கோப்பில் செருகிய மின்னணுச் சான்றிதழ், கோப்பைக் கணினியில் திறந்தால்தான் பேசும். அச்செடுத்த தாளில் அது ஊமை. 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு, போலி ஆவணத்தைப் பதிய மறுக்க வேண்டிய பொறுப்பைப் பதிவுச் சட்டத்தின் 22-பி பிரிவு பதிவு அலுவலர் தலையிலேயே சுமத்தியிருக்கிறது. அவர் தாளைத்தான் பார்க்கிறார். தாளில் பேனா மையால் போட்ட கையெழுத்து இல்லை. திருப்பிக் கொடுக்கத்தான் செய்வார்.

ஜாகீர் அம்மாபாளையம் வாசகர் எழுதியது:

சேலத்திலேயே இருந்துகொண்டு, சேலத்து மனைக்கான பவரை அமெரிக்க இணையவழி நோட்டரியிடம் செய்துகொள்ளலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சாத்தியமா?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

வேண்டாம். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உங்கள் பவருக்கு உங்கள் எல்லைச் சார் பதிவாளரே வேண்டும். தவிர, நம் மாநிலம் 2012ஆம் ஆண்டின் 29ஆம் எண் திருத்தச் சட்டத்தால் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சேர்த்தபடி, அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தைப் பதிவு செய்வதே கட்டாயம். இந்தியாவுக்கு வெளியே எழுதிக்கொடுக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே விலக்கு. உடம்பு முடியாதவர்களுக்கு அலுவலரே வீட்டுக்கு வந்து பார்க்கும் வழியை 33ஆம் பிரிவே தருகிறது; அதைக் கேட்டுப் பெறுங்கள்.

ஓமலூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, எங்கள் நிலைமை இதற்குத் தலைகீழ். வர்ஜீனியாவில் இருந்த என் அண்ணன் காலமான பிறகு, அவருடைய வீட்டில் என் அம்மாவுக்கு ஒரு பங்கு வந்திருக்கிறது. அதை விற்பதற்கான பத்திரத்தில் அம்மா இணையவழி நோட்டரி மூலம் கையெழுத்திடலாம் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பாஸ்போர்ட்டைக் காட்டினோம், அடுத்து வந்த வினாடிவினாவில் ஒரு கேள்விகூட வரவில்லை, "தகவல் இல்லை" என்று நின்றுவிட்டது. இரண்டு முறை முயன்றும் பயனில்லை. அம்மா, "என்னிடம் கேட்டால் நான் சொல்ல மாட்டேனா, ஏன் கேட்கவே மாட்டேன் என்கிறான்" என்று வருத்தப்பட்டார்.

சூரமங்கலத்து டெக்சாஸ்காரன் எழுதியது:

அம்மா, அந்தக் கேள்விகளை அமெரிக்கக் கடன் வரலாற்றிலிருந்தும் பொதுப் பதிவேடுகளிலிருந்தும்தான் உருவாக்குகிறார்கள். ஓமலூரிலேயே வாழ்ந்தவருக்கு அங்கே ஒரு வரிகூட இருக்காது. சொத்து அமெரிக்காவில் இருப்பதால், கையெழுத்திடுபவர் இந்தியாவில் இருப்பது தடையில்லை. பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தமே, வெளிநாட்டில் இருப்பவரானால் ஆவணம் அமெரிக்கச் சொத்து, நீதிமன்றம், அலுவலகம் அல்லது பரிவர்த்தனையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. உங்கள் தடை அடையாளத்தில் மட்டும். நோட்டரிக்கும் உங்கள் தாயாருக்கும் தெரிந்த ஒருவர் உறுதிமொழி கொடுத்து அடையாளம் காட்டலாம் என்று சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அதைக் கேட்டுப் பாருங்கள். அது இயலாவிட்டால், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நேரில் கையெழுத்திடலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். வீல்சேர் தேவை என்றால் முன்பதிவின்போதே தெரிவித்துவிடுங்கள்.

ஐந்து ரோடு கணக்கர் எழுதியது:

முதல் அட்டவணையைப் படித்தேன். வழக்குரைஞர் ஐயா சொன்னது சரி, அந்த அளவில் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வெளிநாட்டு நோட்டரியைப் பற்றி ஒரு சந்தேகம். 1952ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பரஸ்பர ஏற்பாட்டின் பேரில் மத்திய அரசு அறிவிக்கை செய்த நாட்டின் நோட்டரிச் செயல்களை அங்கீகரிப்பதைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் நேரில் செய்த அமெரிக்க நோட்டரி அத்தாட்சியையும் மறுக்கலாமே?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

மறுக்க முடியாது. ஜக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் வழக்கு, 1971ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. பஞ்சாபில் உள்ள நிலத்துக்காக, கலிஃபோர்னியாவில் எழுதிய பவர் பத்திரம். முதலில் அனுப்பிய பத்திரத்தில், பவர் கொடுத்தவருடையதைத் தவிர, வேறொருவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. அது அவர் முன்னிலையில் எழுதப்பட்டது என்பதைக் காட்டும் சொல்லே இல்லை. ஆகவே அது 33ஆம் பிரிவின்படி செல்லாது என்றார்கள். பிறகு பவர் கொடுத்த அதே மனிதர் இரண்டாவது பத்திரம் ஒன்றை அனுப்பினார். கலிஃபோர்னியச் சட்டப்படி நோட்டரி முறையாக அத்தாட்சி செய்திருந்த அதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வெளிநாட்டு நோட்டரியும் நம் சட்டத்தின் "நோட்டரி" என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்பது அங்கே தீர்ந்துபோன விஷயம். நோட்டரி போன்றோர் முன்னிலையில் எழுதி அத்தாட்சி பெற்றதாகத் தோன்றும் பவர் பத்திரத்தை, அப்படியே எழுதப்பட்டதாக நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்ற அனுமானம் பழைய சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 84ஆம் பிரிவு.

அந்தத் தீர்ப்பில் மிளகுக்கொடி ஐயாவுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி வேறொன்று. முதல் பத்திரத்தை நம்பி முகவர் செய்துவிட்ட காரியத்தை, இரண்டாவது பத்திரம் பின்னோக்கிச் சென்று உறுதிப்படுத்தி, குறையை நீக்கியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே தம்பி புதிதாக எழுதும் பவரில், முதல் பவரின் தேதியைக் குறிப்பிட்டு, அதன்கீழ் நீங்கள் செய்த மிளகுக் குத்தகை உட்பட எல்லாவற்றையும் தாம் ஏற்பதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்.

இணையவழிப் பத்திரத்தை வைத்தே போராட விரும்பினால் அதற்கும் வழி உண்டு. டெக்சாஸ் சட்டப்படி காணொளியில் தோன்றுவதே நோட்டரியின் முன் தோன்றுவதாகும். கலிஃபோர்னியச் சட்டத்தைப் பின்பற்றியதை அன்று உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்ததைப் போல இதையும் எடுக்க வேண்டும் என்று வாதிடலாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தை முறைப்படி தாக்கல் செய்யுங்கள். மறுத்தால் பதிவுச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி காரணத்தை எழுதித் தர வேண்டும். 72ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். என் கட்சிக்காரராக நீங்கள் கேட்டிருந்தால், நான்கு ஏக்கருக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

பழைய பதிவேடு எழுதியது:

புதிய பவர் எழுதும்போது கவனிக்க வேண்டியவற்றை நான் சொல்கிறேன். தம்பி நேரில் நோட்டரி முன் அமர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் பேனாவால் கையெழுத்திட வேண்டும். சொத்து விவரத்தில் ஊர், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் இருக்க வேண்டும். "ஏற்காட்டில் உள்ள தோட்டம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பிறகு அந்த மாநிலச் செயலரிடம் அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்றை வாங்கச் சொல்லுங்கள். ஹேக் உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் இந்தியாவுக்கு நடைமுறையில் இருப்பதால், அப்போஸ்டில் இருந்தால் தூதரகத்தின் மேலொப்பம் தனியே வேண்டியதில்லை. ஆனால் அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்கும் பதவிக்கும் மட்டுமே சாட்சி. உள்ளே எழுதியிருப்பதற்கு அது பொறுப்பேற்காது. இணையவழிப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் வாங்கிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று சிலர் நினைப்பது இதனால்தான் தவறு.

இன்னொன்று, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம், 18ஆம் பிரிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தால் தீர்வையை நிர்ணயித்துச் சான்று எழுதித் தருவார்கள். கணக்கு கையெழுத்திட்ட நாளிலிருந்து தொடங்காது, வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்கும். வந்து சேர்ந்த நாளை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மிளகுக்கொடி எழுதியது:

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். வழக்குரைஞர் ஐயா சொன்ன பத்தியைச் சேர்த்து, தம்பி தன் வங்கிக் கிளையில் இருந்த நோட்டரி முன் அமர்ந்து கையெழுத்திட்டார். அங்கே வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்ததாம். காணொளியைவிட ஐந்து நிமிடம் குறைவு என்று அவரே சிரித்தார். ஆஸ்டினில் அப்போஸ்டில் வாங்கிக் கூரியரில் அனுப்பினார். நேற்று முன்தினம் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. மிளகுக் குத்தகைதாரரிடமும் விவரத்தைச் சொல்லிவிட்டேன். அவர், "எனக்குக் கொடியில் காய் இருந்தால் சரி" என்றார். வரும் திங்கட்கிழமை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். பழைய பதிவேடு ஐயா, வந்து சேர்ந்த நாளுக்கு எதைக் காட்டுவது?

பழைய பதிவேடு எழுதியது:

கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் ஒட்டிய சீட்டில் தேதி இருக்கும். பெற்றுக்கொண்ட ரசீதையும் சேர்த்துப் பத்திரத்தோடு கொண்டு போங்கள். அடையாள அட்டையும் இரண்டு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் போய்விட்டால் மதியத்துக்கு முன் மலை ஏறிவிடலாம்.